சிங்க்குல போனது எவ்வளவு பாஸ்?

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்திப் புலம்பித் தீர்த்தேன். இந்த வாரம் அதைவிடக் கலங்கலான ஒரு சமாச்சாரம்... எங்க ஆர்கானிக் லேப் சிங்க்!

அய்யய்யோ, கெமிஸ்ட்ரியான்னு பக்கத்தைத் திருப்பப் பார்க்கிற மெக்கானிக்கல், இ.சி.இ. மக்களே... ஒரு நிமிஷம்! தலைவலிக்கு நீங்க போடுற மாத்திரையிலிருந்து, உங்க வீட்டுப் பெரியவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி தேடுற சர்க்கரை மாத்திரை வரைக்கும் இதுல வருது. அதனால ஓடாம உட்காருங்க.

போன செமஸ்டர்ல எங்களுக்கு ஒரு எக்ஸ்பெரிமென்ட். டொலுயீனிலிருந்து பென்சாயிக் ஆசிட் தயாரிக்கணும். பென்சாயிக் ஆசிட் யாருன்னு தெரியணுமா? ஜாம், ஸ்குவாஷ் பாட்டில்ல கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிற சோடியம் பென்சோயேட்டோட அண்ணன். படர்தாமரைக்குத் தடவுற விட்ஃபீல்டு ஆயின்மென்ட்டுலயும் சார்தான் இருக்கார். ஒரே ஜீன்ஸை மூணு வாரம் போடுற ஹாஸ்டல்வாசிகள் கவனிக்க!

டொலுயீன் 2.3 கிராம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் 8 கிராம், தண்ணீர். ரெண்டு மணி நேரம் கொதிக்க வெச்சு, பழுப்பு நிறச் சேற்றை வடிகட்டி, ஆசிட் ஊத்தி, குளிர வெச்சா... வெள்ளை வெளேர்னு படிகம்! எடை போட்டேன். 1.8 கிராம். யீல்டு 59 சதவீதம். பக்கத்து டேபிள் பையனுக்கு 41 தான். அந்த ஒரு சந்தோஷம் போதாதா?

காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு கண்ணாடிச் சாமான்களைக் கழுவிட்டிருந்தேன். லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். இருபத்தஞ்சு வருஷமா அந்த லேப்பைப் பார்த்துக்கிறவர்.

"என்னம்மா, நல்லா வந்துச்சா?"

"சூப்பர் அண்ணே! 1.8 கிராம்!"

"அப்போ சிங்க்குல போனது எவ்வளவு?"

நான் முழிச்சேன். அவர் சிங்க்கைக் காட்டினார். வெள்ளை பீங்கான்னு சொன்னா நம்ப முடியாத அளவுக்குக் காபி கலர்ல கறை. "நீங்க பாஸ் ஆயிட்டுப் போயிடுவீங்க. இதைத் தேய்ச்சுக் கழுவுறது நாங்கதான்"னு சிரிச்சுக்கிட்டே போயிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

கணக்கு போட்டா தலை சுத்துது!

அன்னிக்கு ராத்திரி ரெக்கார்டு எழுதும்போது அந்தக் கேள்வியே மண்டைக்குள்ள ஓடிச்சு. சரி, பார்த்துடுவோம்னு கால்குலேட்டரை எடுத்தேன்.

உள்ளே போட்டது, தண்ணீரையும் ஆசிட்டையும் விட்டுட்டாலே, 10.3 கிராம். கையில வந்தது 1.8 கிராம். பெர்மாங்கனேட் முழுசும் வேலை செஞ்சிருந்தா அதிலிருந்து வர்ற பழுப்புச் சேறு, அதாவது மாங்கனீஸ் டை ஆக்சைடு, 4.4 கிராம். நாங்க அறுபது பேர். ஒரே மத்தியானத்துல கால் கிலோவுக்கு மேல சேறு! சரி, தயாரிச்ச பென்சாயிக் ஆசிடாவது யாருக்காவது உபயோகமாச்சா? பேப்பர்ல மடிச்சு, பேரு, ரோல் நம்பர் எழுதி சப்மிட் பண்ணினோம். செமஸ்டர் முடிஞ்சதும் அதுவும் குப்பைக்குத்தான்.

இதுல இன்னொரு கூத்து. நான் சரியா செய்யாததால வந்த சேறு இல்லை இது. யீல்டு 100 சதவீதம் வந்திருந்தாலும் இதே சேறு வரும். சமன்பாட்டை எடுத்துப் பாருங்க. ஒரு மோல் பென்சாயிக் ஆசிட், 122 கிராம். அதுக்கு ரெண்டு மோல் மாங்கனீஸ் டை ஆக்சைடு, 174 கிராம். தாளிலேயே பொருளைவிடக் கழிவு ஜாஸ்தி! உள்ளே போற அணுக்கள்ல எத்தனை பங்கு நமக்கு வேண்டிய பொருளுக்குள்ள போகுதுன்னு பார்க்கிற கணக்குக்கு 'அணு சிக்கனம்'னு பேரு. 1991-ல் பேரி ட்ராஸ்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் கொண்டுவந்த யோசனை. அந்தக் கணக்குல எங்க எக்ஸ்பெரிமென்ட் வாங்கின மார்க், சுமார் 27. அரியர்!

ஆனா ஃபேக்டரியில இதே பென்சாயிக் ஆசிடை எப்படிச் செய்யறாங்க தெரியுமா? டொலுயீனுக்குள்ள காத்தை ஊதுறாங்க. கூட கொஞ்சூண்டு கோபால்ட் உப்பு. வர்ற துணைப்பொருள், பேப்பர் கணக்குப்படி, வெறும் தண்ணீர்! அணு சிக்கனம் 87. டிஸ்டிங்ஷன்!

27-ஐ 87 ஆக்கினது பெர்மாங்கனேட்டுக்குப் பதிலா வந்த காத்து. அந்தக் காத்தை வேலை வாங்கினது அந்தக் கொஞ்சூண்டு கோபால்ட். அதுக்குப் பேருதான் வினையூக்கி.

சேர்த்து வைக்கிற நண்பன்

வினையூக்கி யாரு? நம்ம சினிமாவுல ஹீரோவோட ஃப்ரெண்டு. ஹீரோயின்கிட்ட லெட்டர் கொடுப்பான், ரெண்டு பேரையும் சேர்த்து வைப்பான், அப்புறம் அடுத்த ஜோடிக்கு வேலை பார்க்கக் கிளம்பிடுவான். தான் செலவாக மாட்டான். அதனால கொஞ்சமா இருந்தாலே போதும்.

ஆனா சில நண்பர்கள் இருக்காங்களே... சேர்த்து வைக்க வந்துட்டு, அந்த வீட்டிலேயே டேரா போட்டு, மூணு வேளையும் சாப்பிட்டு, வெளியே அனுப்பினா வீட்டையே நாசம் பண்ணிட்டுப் போறவங்க. கெமிஸ்ட்ரியில அந்த ஆளு, அலுமினியம் குளோரைடு!

ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் வினை ஞாபகம் இருக்கா? பிளஸ் டூவுல அம்புக்குறிக்கு மேல அலுமினியம் குளோரைடை எழுதி, 'வினையூக்கி'ன்னு மனப்பாடம் பண்ணினோமே! அசைலேற்ற வினையில அது தயாராகிற கீட்டோனோட ஒட்டிக்கும், விடவே விடாது. அதனால ஒரு மோல் கீட்டோனுக்கு ஒரு மோலுக்கு மேலேயே அதைப் போடணும். கடைசியில தண்ணீர் ஊத்திப் பிரிச்சா, ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் அலுமினியம் கழிவும்தான் மிச்சம். திரும்ப எடுக்க முடியாது. பேருதான் வினையூக்கி!

தலைவலிக்கு ஒரு மாத்திரை, ஆத்துக்கு ஒரு தலைவலி

இப்போ ஒரு நிஜக் கதை. இபுப்ரோஃபென். கிரிக்கெட்ல கால் சுளுக்கினா, பல் வலிச்சா நம்ம போடுற ப்ரூஃபென், காம்பிஃப்ளாம் எல்லாத்துலயும் இருக்கிற சரக்கு. இங்கிலாந்துல பூட்ஸ் கம்பெனியில ஸ்டூவர்ட் ஆடம்ஸ், ஜான் நிக்கல்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. 1961-ல் காப்புரிமைக்குப் போட்டாங்க, 1969-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. முந்தின ராத்திரி பார்ட்டியில வாங்கிக் கட்டிக்கிட்ட தலைவலிக்கு ஆடம்ஸே 600 மில்லிகிராம் போட்டுக்கிட்டு மேடையேறினார்ங்கறது பிரபலமான கதை!

மாத்திரை சூப்பர். தயாரிச்ச விதம்தான் கொஞ்சம் பேஜார். பழைய முறையில ஆறு படிகள். முதல் படியே நம்ம டேரா நண்பன் அலுமினியம் குளோரைடு. மொத்த அணு சிக்கனம் 40 சதவீதம். அதாவது எல்லாமே கச்சிதமா நடந்தாலும் ஒரு கிலோ மருந்துக்கு ஒன்றரைக் கிலோ கழிவு. இதுல அலுமினியம் குளோரைடை 'வினையூக்கி'ன்னு சொல்லிக் கணக்குலயே சேர்க்கலை. அதையும் சேர்த்தா? நீங்களே போட்டுக்குங்க!

அப்புறம் பூட்ஸ், ஹூக்ஸ்ட், செலனீஸ் மூணும் கை கோத்து ஒரு புது வழி கண்டுபிடிச்சாங்க. ஆறு படி மூணாச்சு. மூணுக்கும் மூணு வினையூக்கி. முதல் படிக்கு ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, ரெண்டாவதுக்கு ரானே நிக்கல், மூணாவதுக்கு பல்லேடியம். வேலை முடிஞ்சதும் பிரிச்செடுத்துத் திரும்ப உபயோகிக்கிற ரகம். ஹைட்ரஜன் ஃப்ளோரைடில் 99.9 சதவீதத்துக்கு மேல திரும்ப வந்துடும். அணு சிக்கனம் 77. முதல் படியில வர்ற அசிட்டிக் ஆசிடையும் எடுத்து வித்துட்டா 99! 1992-ல் அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலம் பிஷப் நகரத்துல இந்த முறையில ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சது. 1997-ல் அந்த நாட்டு ஜனாதிபதி பேர்ல தர்ற பசுமை வேதியியல் விருதும் கிடைச்சது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஹைட்ரஜன் ஃப்ளோரைடு பயங்கரமான ஆசாமி. தோல்ல பட்டா எலும்பு வரைக்கும் போகும். கழிவு குறைஞ்சதாலேயே ஒரு முறை சாதுவாயிடாது. 'க்ரீன்'னு லேபிள் ஒட்டியிருந்தா உடனே கை தட்டாதீங்க. எதுல க்ரீன், எவ்வளவு க்ரீன்னு கேளுங்க.

இடது செருப்பு, வலது செருப்பு

அடுத்த கதை சர்க்கரை மாத்திரை சிட்டாகிளிப்டின். 2006-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினது. 2022-ல் இந்தியாவுல காப்புரிமை முடிஞ்சதும் நம்மூர் கம்பெனிகள் வரிசை கட்டி இறங்க, விலை சரசரன்னு இறங்கினது ஞாபகம் இருக்கலாம்.

இந்த மூலக்கூறுக்கு ஒரு சிக்கல். இடது செருப்பு, வலது செருப்பு மாதிரி ரெண்டு வடிவம். மருந்துக்கு ஒண்ணு மட்டும்தான் வேணும். முதல்ல மெர்க் கம்பெனி இதுக்கு ரோடியம்ங்கற அரிய உலோகத்தை வினையூக்கியா வெச்சு, அழுத்தத்துல ஹைட்ரஜனை ஏத்தினாங்க. அதுவே நல்ல முறைதான். ஆனா ரோடியம் துளிகூட மருந்துல தங்கக் கூடாது, அதைத் தனியா எடுக்கணும். தப்பான செருப்பும் கொஞ்சம் கலந்து வரும், அதையும் களையணும். எல்லாமே செலவு, எல்லாமே கழிவு.

கோடெக்சிஸ் என்ற கம்பெனியோட சேர்ந்து ரோடியத்துக்குப் பதிலா ஒரு நொதியை, அதாவது என்சைமைக் கொண்டுவரலாம்னு பார்த்தாங்க. பாலைத் தயிராக்குற உறைக்குள்ள நுண்ணுயிரிகள் இருக்கு இல்லையா? அதுங்களுக்குள்ள இருந்து வேலை பார்க்கிறதே நொதிதான். மண்ணுல இருக்கிற ஆர்த்ரோபாக்டர் வகை பாக்டீரியாவோட நொதி ஒண்ணை எடுத்தாங்க. ஆனா இந்த மூலக்கூறு அதுக்குள்ள நுழையவே இல்லை. சின்னப் பையன் சட்டைக்குள்ள தாத்தா நுழைஞ்ச கதை!

விவசாயி என்ன செய்வார்? நல்ல கதிரைப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பார். அடுத்த போகத்துல அதைவிட நல்லதை எடுத்து வைப்பார். அதையே நொதிக்கும் செஞ்சாங்க. கொஞ்சம் மாத்து, சோதனை பண்ணு, நல்லதை வை, மறுபடி மாத்து... இப்படி 11 சுற்று. கடைசியில 27 இடத்துல மாற்றம் ஆன ஒரு புது நொதி! வேண்டிய செருப்பு மட்டும் 99.95 சதவீத சுத்தத்தோட வந்தது. கழிவு 19 சதவீதம் குறைஞ்சது, விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடிச்சு, கன உலோகத்துக்கு மொத்தமா டாட்டா. 2010-ல் அதே பசுமை விருது. நொதியை இப்படி வளர்த்தெடுக்கிற வித்தைக்குப் பாதை போட்ட ஃப்ரான்சிஸ் அர்னால்டுக்கு 2018-ல் நோபல் பரிசு.

உலோகமும் வேணாம், நொதியும் வேணாம்!

சரி, நொதிங்கறது நூத்துக்கணக்கான அமினோ அமிலங்களைக் கோத்த பெரிய மாலை. ஒரே ஒரு மணி மட்டும் அந்த வேலையைச் செய்யுமா? அமெரிக்காவுல ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல இருந்த பெஞ்சமின் லிஸ்ட்டுக்கு இந்தச் சந்தேகம். ப்ரோலின்ங்கற சாதா அமினோ அமிலத்தைப் போட்டுப் பார்த்தார். 1970-களிலேயே சிலர் அதை உபயோகிச்சிருந்தாங்க, ஆனா யாரும் தொடரலை. அப்போ அது தேறாத கேஸாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேதான் போட்டார். உடனே வேலை செஞ்சது! அதே 2000-ல் டேவிட் மேக்மில்லனும் தனியா இன்னொரு சின்ன கரிம மூலக்கூறை வெச்சு இதே மாதிரி சாதிச்சார்.

2021-ல் ரெண்டு பேருக்கும் நோபல். லிஸ்ட் மெசேஜ் அனுப்பினப்ப, யாரோ கலாய்க்கிறாங்கன்னு நினைச்சு, 'ஆயிரம் டாலர் பந்தயம், இது டூப்பு'ன்னு சொல்லிட்டு மேக்மில்லன் திரும்பத் தூங்கப் போயிட்டாராம்! காலையில ஆயிரம் டாலர் அம்பேல்.

இங்கேயும் ஒரு 'ஆனா' உண்டு. லிஸ்ட்டோட முதல் வினையில 100 மூலக்கூறுக்கு 30 ப்ரோலின் போட வேண்டியிருந்தது. கொஞ்சூண்டுன்னு சொல்ல முடியாது இல்லையா? அதைக் குறைக்கத்தான் அதுக்கப்புறம் நிறைய ஆராய்ச்சி நடந்தது.

இதுல நமக்கு என்ன?

ராஜர் ஷெல்டன்னு ஒருத்தர் 1992-ல் இன்னொரு கணக்கு சொன்னார். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? பெட்ரோல் சுத்திகரிப்புல 100 கிராம்தான். மருந்துத் தயாரிப்புல? 25 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கும் மேல! உயிரைக் காப்பாத்துற தொழில்தான் கழிவுல ஃபர்ஸ்ட் ரேங்க். படிகள் நிறைய, ஒவ்வொரு படிக்கும் கரைப்பான், கழுவல், வடிகட்டல். அதனாலதான் ஒரு படி குறைஞ்சாலே பெரிய விஷயம்.

அந்தக் கழிவெல்லாம் எங்கே போகும்? ஹைதராபாத் பக்கத்துல பட்டன்சேரு. சுமார் 90 மருந்து ஆலைகளோட கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நிலையம் அங்கே இருந்தது. அதிலிருந்து வெளியே வர்ற 'சுத்தமான' தண்ணீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் சோதிச்சு 2007-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒரு லிட்டர்ல 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை போட்ட ஆளோட ரத்தத்துல இருக்கிறதைவிட அதிகம்! வினையூக்கியை மாத்தினா மட்டும் இது தீராது. அங்கே வழிஞ்சது துணைப்பொருள் இல்லை, மருந்தேதான். ஆனா 'சிங்க்குல போனது எவ்வளவு'ன்னு கேட்காத பழக்கத்தோட பெரிய சைஸ் படம் அதுதான்னு எனக்குத் தோணுது. அந்த ஃபேக்டரிகளை டிசைன் பண்ணினவங்களும் ஒரு காலத்துல நம்மள மாதிரி யீல்டை மட்டும் ரெக்கார்டுல எழுதினவங்கதானே?

க்ளைமாக்ஸுக்கு வருவோம்

அன்னிக்கு ராத்திரி நான் ஒரு வீரச்செயல் செஞ்சேன். ரெக்கார்டுல 'யீல்டு: 59 சதவீதம்'க்குக் கீழே, 'கழிவு: மாங்கனீஸ் டை ஆக்சைடு சுமார் 4.4 கிராம், அணு சிக்கனம் 27 சதவீதம்'னு எழுதி நீட்டினேன். சார் சிவப்பு பேனாவை எடுத்தார். சர்ர்ர்...னு ஒரு கோடு. "மேனுவல்ல இருக்கிறதை மட்டும் எழுதும்மா. ரீரைட்!"

கடுப்பான கடுப்பு! நாலு பக்கம் திரும்ப எழுதினேன். எழுதி எடுத்துட்டுப் போனப்போ, "சார், நான் எழுதினது தப்பா?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "தப்பு இல்லம்மா. வெளியிலேருந்து எக்ஸாமினர் வருவார். ஃபார்மேட் மாறினா உனக்குத்தான் மார்க் போகும்"னார். அப்புறம் ரெக்கார்டைத் திருப்பி, கோடு போடாத இடது பக்கத்தைக் காட்டினார். "இங்கே பென்சில்ல எழுதிக்கோ. நான் எதுவும் பண்ண மாட்டேன்."

அதுக்கப்புறம் வந்த அஞ்சு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் இடது பக்கம் பென்சில் கணக்கு உண்டு. கிளாஸ்ல இன்னும் ஏழெட்டுப் பேர் காப்பி அடிச்சாங்க. (நம்மாளுங்க எதைத்தான் விட்டு வெச்சாங்க!) அட்டெண்டர் அண்ணன் பழைய ஆசிட் கேன் ஒண்ணைக் கழுவி, 'பழுப்புச் சேறு இதுல' ன்னு ஸ்கெட்ச்ல எழுதி சிங்க் பக்கத்துல வெச்சிருக்கார். இந்த செமஸ்டர் ஜூனியர் பேட்ச்சுக்கு கேன் பாதி ரொம்பியிருக்கு. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறதுன்னு இன்னும் யாருக்கும் தெரியலை. ஆனா சிங்க்குல இல்லை.

உங்க லேப்புல நீங்க செய்யக்கூடியது ரொம்பச் சின்னது. அளவைப் பாதியாக்க முடியுமான்னு சார்கிட்ட கேளுங்க. படிகம் பாதி அளவுலயும் படிகம்தான். அம்புக்குறிக்கு மேல இருக்கிற ஆளு நிஜமாவே நண்பனா, டேரா போடுற பார்ட்டியான்னு பாருங்க. யீல்டு எழுதினதும் இடது பக்கம் திருப்பி, சிங்க்குல போனது எவ்வளவுன்னு பென்சில்ல ஒரு வரி எழுதுங்க. வைவாவுல கேட்க மாட்டாங்க. ஆனா நாளைக்கு ஏதோ ஒரு பிளான்ட்டுல நீங்க ட்ரெயினியா நிக்கும்போது, அந்தக் கேள்வி தானா வாயில வரும்.

சரி மக்களே, எனக்கு இன்டெர்னல் டெஸ்ட் இருக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் சிங்க்கை ஒரு தடவை எட்டிப் பாருங்க... டாட்டா!